அலரி அந்தின் சிறகில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சிகளைப் பற்றியவை. மாரி மழை விழுந்து வளவெல்லாம் தளிர்த்துவிட்டால் இப்படித்தான். இலை வந்தால் புழு வரும், புழு வந்தால் அந்து வரும். 31 வருடங்கள் உயிரியல் படிப்பித்தவள் நான். இந்தக் கடிதங்களைத் தனியே எடுத்து வைத்து ஆறுதலாக வாசித்தேன். முதல் கடிதத்துக்கே பக்கத்தின் பெரும் பகுதி போய்விட்டது, மற்றவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

கோண்டாவிலிலிருந்து ஒரு மாணவி: நேற்று இரவு எங்கள் விறாந்தைச் சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு பச்சை வண்ணாத்திப்பூச்சி இருந்தது. பச்சை, வெள்ளை, றோஸ் எல்லாம் கலந்து வளைந்து வளைந்து கோடுகள். அம்மா, "ஆமி உடுப்பு மாதிரி இருக்கு" என்றா. அப்பாச்சி, "உன்ர அப்பப்பா வந்திருக்கிறார், ஒருத்தரும் கலைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாசலில் விளக்கும் வைத்தா. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன பூச்சி?

படம் மிகத் தெளிவாக இருக்கிறது, பிள்ளை. உன் கைத்தொலைபேசிக்கும் பொறுமைக்கும் நன்றி. இது வண்ணாத்திப்பூச்சி இல்லை, அந்து. அரிசிப் பானையைத் திறந்தால் பறக்கும் சாம்பல் நிறச் சின்ன அந்தும் இதுவும் தூரத்துச் சொந்தம்தான். இதன் விஞ்ஞானப் பெயர் டாப்னிஸ் நீரீ. உயிர்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லினேயஸ் 1758இல் இதற்கு 'நீரீ' என்ற பெயரைக் கொடுத்தார். நீரியம் என்பது அலரிச் செடியின் பெயர். அதனால் நான் இதை அலரி அந்து என்று சொல்கிறேன். சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 9 முதல் 11 சென்ரிமீற்றர் வரும்.

இப்போது படத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பார். முன்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு வெளிறிய பொட்டு, அதற்குள் ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரிகிறதா? சின்னக் கண் மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் சிறகுக்குக் குறுக்கே ஒரு பட்டை ஓடுகிறது. வெள்ளை என்று சொல்ல முடியாது, றோஸ் என்றும் சொல்ல முடியாது. பாலில் ஒரு துளி செவ்வரத்தம்பூச் சாறு விட்ட நிறம். அதற்கு வெளியே ஆழமான பச்சைப் பரப்பு. பின் ஓரத்துப் பக்கம் ஊதா கலந்த மண்ணிறம். சிறகு நுனியிலிருந்து இறங்கி வரும் ஒரு வெண்கோடும் உண்டு. பின்சிறகு பெரும்பாலும் முன்சிறகுக்குக் கீழே மறைந்திருக்கும். அது புகை நிறம், நடுவில் அலைபோல ஒரு வெளிறிய கோடு.

இதே போல இன்னொரு அந்து இலங்கையில் உண்டு, டாப்னிஸ் ஹைப்போதவுஸ். அது இன்னும் ஊதாவாக இருக்கும். முன்சிறகு நுனியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டும் இருக்கும். உன் படத்தில் அந்தப் பொட்டு இல்லை. ஆகவே இது அலரி அந்துதான்.

சரி, இந்தக் கோலம் ஏன்? இதைச் சுவரில் பார்த்ததால்தான் உனக்கு இது கோலமாகத் தெரிந்தது. இதன் இடம் சுவர் இல்லை. பகலில் இலைகளுக்குள் அசையாமல் இருக்கும். நல்லூருக்குப் போகும் வழியில் அடர்ந்த நந்தியாவட்டைச் செடி ஏதாவது இருந்தால் காலை பத்து மணி வெயிலில் உள்ளே எட்டிப் பார். ஒரு இலை வெயிலில் வெளிறித் தெரியும், அடுத்தது நிழலில் கறுத்துத் தெரியும், இடையில் பழுத்த இலை ஒன்று, காய்ந்த காம்பு ஒன்று. அந்த வெளிறிய பட்டை சிறகை இரண்டாக வெட்டிக் காட்டுகிறது. புலுனியோ செண்பகமோ அங்கே தேடும்போது அதன் கண்ணுக்குச் 'சிறகு' என்ற முழு வடிவம் கிடைக்காது. ஒரு துண்டு வெளிச்சம், ஒரு துண்டு நிழல், அவ்வளவுதான். நிறம் ஒத்துப் போவது பாதி வேலை. ஓர வடிவத்தைக் கலைப்பது மற்றப் பாதி.

உன் அம்மா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. உடுப்பில் அந்தக் கோலத்தைப் போட்டவர்கள் செய்ததும் இதே வேலைதான், வடிவத்தைக் கலைப்பது. எங்கள் ஊரில் அந்த நிறத்தைக் கண்டதும் நெஞ்சு ஒரு தரம் நின்று அடிக்கும் தலைமுறை நான். ஆனால் பூச்சி அந்த நிறத்தை உடுப்புத் தைத்தவர்களுக்கு எத்தனையோ லட்சம் வருடங்கள் முந்தியே போட்டிருந்தது. அதனால் நான் அதைப் பூச்சியினுடைய நிறம் என்றே மனதில் திருப்பி எழுதிக்கொண்டேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலில் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்த வருடங்கள் அவை. அப்போது கொக்குவிலில் எங்கள் கிணற்றடி நந்தியாவட்டையில் அகப்பட்ட புழு ஒன்றைப் போத்தலில் வளர்த்து, அந்து வெளியே வந்த அன்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். சிறகை வரையச் சொன்னேன். கலர்ப் பென்சில் வைத்திருந்த பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. பின்வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து வெளியே போனான். அவரை இலை, ஒரு செவ்வரத்தம்பூ, வீட்டிலிருந்து மஞ்சள் துண்டு என்று எல்லாவற்றோடும் அடுத்த பாடத்துக்கு வந்தான். இலையைத் தாளில் தேய்த்துப் பச்சை, பூவைத் தேய்த்து ஊதா, அதன் மேல் மஞ்சள் தேய்த்து ஓரங்கள். அந்த வெளிறிய பட்டைக்கு மட்டும் அவன் ஒன்றும் தேய்க்கவில்லை, தாளை அப்படியே வெறுமையாக விட்டிருந்தான். பட்டை என்பது அந்த அந்தின் சிறகில் இல்லாமல் போன இடம் போலத் தெரிவதற்காகவே இருக்கிறது என்று நான் படிப்பிக்க நினைத்ததை, அவன் பென்சில் இல்லாமலே பிடித்துவிட்டான்.

அந்த அந்தை நான் ஊசியில் குத்தி ஒரு பெட்டியில் வைத்தேன். சில வருடங்களில் பச்சை முழுவதும் போய், காய்ந்த வைக்கோல் நிறம் வந்துவிட்டது. அதன் பிறகு நான் ஒன்றையும் குத்தவில்லை. வரைந்து வைப்பதுதான் சரி. 1880 முதல் 1887 வரை லண்டனில் இலங்கை வண்ணாத்திப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றி மூன்று பாகங்களாக ஒரு பெரிய நூல் வந்தது. அதற்கு உயிருள்ள புழுவையும் அந்தையும் பார்த்துப் படம் வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் த அல்விஸின் பிள்ளைகள் வில்லியமும் ஜோர்ஜும். செத்த பூச்சியில் போய்விடும் நிறம் அவர்களின் தூரிகையில் தங்கியிருக்கிறது.

அப்பாச்சிக்கு ஒரு வார்த்தை. அப்பப்பா வந்தாரா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அது அவவுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. ஆனால் "ஒருத்தரும் கலைக்க வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் அந்த இரவு அந்த அந்து தும்புத்தடி அடியிலிருந்து தப்பியிருக்கிறது. விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல், நெருப்பில் விழுந்துவிடும்.

உரும்பிராய் தோட்டக்காரர் ஒருவர்: கோயிலுக்குப் பூக் கொடுப்பதற்காக நந்தியாவட்டை வைத்திருக்கிறேன். விரல் மொத்தத்தில் பச்சைப் புழு, கழுத்தடியில் இரண்டு நீலக் கண். பார்க்கவே பயமாக இருக்கிறது. ஒரு கொப்பை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

ஐயா, மருந்து வேண்டாம். மேலே சொன்ன அந்தின் பிள்ளைதான் இது. அந்த நீலம் கண் இல்லை. தலை அதற்கு முன்னால் சின்னதாக இருக்கிறது. ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கத்தை வீங்க வைக்கும். அப்போது கறுப்பு வளையமும் நடுவில் வெளிறிய நீலமுமாக இரண்டு 'கண்கள்' பெரிதாக விழிக்கும். சின்னக் குருவி ஒன்று பாம்பென்று நினைத்துப் பின்வாங்க அந்த ஒரு விநாடி போதும். பின்பக்கத்தில் மஞ்சள் கொம்பு ஒன்று உண்டு. அது குத்தாது. மயிர்க்கொட்டியைப் போலச் சொறியையும் தராது. நான் எத்தனையோ புழுக்களை வெறும் கையில் தூக்கியிருக்கிறேன்.

முருங்கையில் கூட்டமாக வரும் மயிர்க்கொட்டியோடு இதை ஒப்பிட வேண்டாம். அந்து முட்டைகளைத் தனித்தனியாக இளம் இலைகளில் இடும். ஆகவே ஒரு செடியில் நாலைந்து புழுதான் இருக்கும். பெரிதாக வளர்ந்த பிறகுதான் அதிகம் தின்னும். நீங்கள் கண்ணால் கண்ட நேரத்தில் அதன் தீன் காலம் முடியப் போகிறது என்று அர்த்தம். நந்தியாவட்டை செம்பாட்டு மண்ணில் கிணற்றுத் தண்ணீர் கண்டால் மூன்று கிழமையில் திரும்பத் தளிர்த்துவிடும். பூ குறையும் என்று கவலையென்றால், புழுவைக் கொப்போடு வெட்டி வேலியோரத்து அலரியில் வைத்துவிடுங்கள். அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ மூன்றும் பால் வரும் ஒரே குடும்பம். மூன்றையும் தின்னும்.

அதே தோட்டக்காரரின் மகள், அதே கடிதத்தின் பின்பக்கத்தில்: அலரி நஞ்சுதானே ரீச்சர்? ஆட்டுக்குக்கூடப் போட மாட்டோம். புழு எப்படிச் சாகாமல் இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்று சொல்லலாம். அலரி என்ற சொல்லே எங்கள் மண்ணில் சில வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாத சொல். அதன் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எங்கள் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் ஒரு பம்பி இருக்கிறது. அலரி நஞ்சு அந்தப் பம்பியில் போய்ப் பூட்டுப் போட்டுவிடும். இந்தப் பாலை உண்ணும் சில பூச்சிகள் பம்பியையே மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டன, பூட்டு அதில் பொருந்தாது. அலரிப் புழுவும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஜெர்மனியில் ஆராய்ந்து பார்த்தால், இதன் பம்பி எங்களுடையதைப் போலவே நஞ்சுக்கு அகப்படக்கூடியது. நரம்பைச் சுற்றி இருக்கும் உறை நஞ்சை உள்ளே போக விடாமல் மறிக்கிறது. அதுதான் அதன் காவல்.

இங்கே இன்னொன்றைக் கவனி. இது நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. நஞ்சைத் தின்றும் அந்தப் புழு நஞ்சாகவில்லை, அந்தும் நஞ்சாகவில்லை. குருவி பிடித்தால் சுகமாகச் சாப்பிட்டுவிடும். அதனால்தான் புழுவுக்குப் பொய்க் கண், அந்துக்கு ஒளிந்துகொள்ளும் சிறகு. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை வாசி.

மட்டுவிலிலிருந்து ஒருவர்: நெல்லு வெட்டின வயலில் சணல் விதைத்திருக்கிறோம். மஞ்சள் பூவைப் படமெடுக்கச் சனம் வருகிறது. சணலில் ஒரு சின்ன அந்து பகலிலேயே பறக்கிறது, தோடம்பழ நிறம், கறுப்புப் புள்ளிகள். மற்ற அந்துகள் ஒளிக்க இது ஏன் இப்படித் துணிவாகத் திரிகிறது?

அது ஆர்ஜினா அஸ்ட்ரியா. புள்ளிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் இருக்கும், கிட்டப் போய்ப் பாருங்கள். அதன் புழு சணல் நெற்றுக்குள் ஓட்டை போட்டு விதையைத் தின்னும். அதே சணலில் வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த இன்னொன்றும் வரும், உடெதெய்சா.

சணல் இலையிலும் விதையிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. இந்தக் கூட்டம் அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைக்கிறது. உடெதெய்சாவின் அமெரிக்க உறவு ஒன்று சிலந்தி வலையில் விழுந்தால், சிலந்தி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு நூலைத் தானே அறுத்து அதை விட்டுவிடும். அப்படிப்பட்ட உடம்புக்கு ஒளிப்பதால் நட்டம்தான். என்னைத் தொடாதே என்று தூரத்திலேயே சொல்லும் நிறம் வேண்டும், தோடம்பழமும் கறுப்பும் அதற்குத்தான். உங்கள் வயலில் ஒரு புள்ளியும் கோண்டாவிலில் ஒரு பட்டையும். இரண்டும் புழுக்காலத்தில் சாப்பிட்ட நஞ்சை என்ன செய்தது என்ற கணக்கு.

சணலைப் பசளைக்காக உழுது போடப் போகிறீர்களா, விதை எடுக்கப் போகிறீர்களா? உழுவதென்றால் இந்தப் புழுவைப் பற்றி ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

சுவிஸ், பேர்ணிலிருந்து ஒரு வாசகர்: கோடையில் எங்கள் பல்கனி அலரித் தொட்டியில் இதே நீலக் கண் புழு! இது யாழ்ப்பாணத்தில் இருந்தா வந்தது?

உங்கள் ஆசை புரிகிறது. ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் நிரந்தரமாக வாழும் இந்த அந்து பலமாகப் பறக்கக்கூடியது. வெப்பமான கோடைகளில் தெற்கிலிருந்து கடலும் ஆல்ப்ஸ் மலையும் தாண்டி வடக்கே வரும். ஆகவே உங்களிடம் வந்தது பெரும்பாலும் ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து. ஆனால் இனம் ஒன்றுதான், உங்கள் அம்மாவின் வளவில் இருப்பதும் இதுவே. அங்கே குளிர்காலத்தைத் தாண்டாது. புழு மண்ணிறமாக மாறி இறங்கி ஓடத் தொடங்கினால், ஒரு பெட்டியில் காய்ந்த சருகு போட்டு அதை வீட்டுக்குள் எடுங்கள். கூட்டுப்புழுவாகி அந்து வெளியே வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சாவகச்சேரி வாசகி: அந்தின் தூள் கண்ணில் பட்டால் குருடாகும் என்று சொல்கிறார்களே?

ஆகாது. கண் உறுத்தும், தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் தூள் என்பது செதில்கள். கிடுகு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒவ்வொரு செதிலும் பெரும்பாலும் ஒரே நிறம்தான். இவ்வளவு நேரம் நாம் பேசிய பட்டை, பொட்டு, கோடு எல்லாமே இந்தச் செதில்களை அடுக்கிப் போட்ட பாய். உங்கள் விரலில் ஒட்டிய தூள் அந்தின் ஓவியத்தில் இருந்து போன பங்கு, அது திரும்ப முளைக்காது. ஆகவே சிறகில் பிடிக்க வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கிளாசைக் கவிழ்த்து, அடியில் தடித்த தாளைச் செருகி வெளியே விடுங்கள்.

நீர்வேலியிலிருந்து: கத்தரித் தோட்டத்தில் பிடித்த பெரிய அந்தின் முதுகில் மண்டையோடு! தொட்டால் எலிக்குஞ்சு மாதிரிக் கத்தியது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். கெடுதல் ஏதும் வருமா?

வராது. அது அக்கரோன்ஷியா இனம். எங்கள் பக்கத்தில் வரும் ஒன்றுக்கு 1798இல் லக்கேசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கரின் கதையில் மனிதரின் ஆயுள் நூலை அளந்து கொடுக்கும் தெய்வம் லக்கேசிஸ். பெயர் வைத்தவரும் உங்களைப் போலவே பயந்திருக்கிறார். அந்த மண்டையோடு சிறகில் இல்லை, தோளில் இருக்கும் மயிர்களின் நிற வித்தியாசம். புழு கத்தரியிலும் புகையிலையிலும் வளரும். கத்தும் சத்தம் தொண்டைக்குள் காற்றை இழுத்து விடுவதால் வருவது. இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து, கட்டையான உறிஞ்சியால் தேனைக் குடிக்கும். நீங்கள் பிடித்தது ஒரு தேன் திருடியை. விட்டுவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நாலாம் வகுப்பு மாணவன், பருத்தித்துறை: அலரி அந்தைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

எங்கும் போக வேண்டாம், தம்பி. பொழுது படும் நேரம் பப்பாசிப் பூவுக்கோ மல்லிகைக்கோ பக்கத்தில் அசையாமல் நில். தேன்சிட்டு மாதிரி ஒரே இடத்தில் நின்று பறந்துகொண்டு, நீண்ட உறிஞ்சியைப் பூவுக்குள் விடும். இறக்கை ஒரு மங்கலான புகையாகத்தான் தெரியும். ரோச் லைற்றை அடிக்காதே, போய்விடும்.

வீட்டில் நந்தியாவட்டை இருந்தால் அதன் அடியில் சருகு கூட்டுபவர் யார் என்று கேள். புழு வளர்ந்ததும் பச்சை மங்கி இறங்கி, அந்தச் சருகுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். நான் வளர்த்தது 12ஆம் நாள் இரவு வெளியே வந்தது. சருகைக் கூட்டி நெருப்பு வைத்தால் அதுவும் போய்விடும். செடியைச் சுற்றி இரண்டு கையையும் விரித்த அளவுக்கு ஒரு மாதம் கூட்டாமல் விடச் சொல். ஈர்க்கால் எல்லை போட்டுக் காட்டினால் அம்மாவுக்கும் வசதி. அந்து வந்தால் வரைந்து அனுப்பு, கலர் எதில் தேய்த்தாய் என்றும் எழுது.